கடல் வாசலும் அவள் அடித்த சுண்ணாம்பும்

எங்கள் மாதா கோயிலைக் கட்டியவர் யார் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் பறங்கியர் என்றே சொல்வார்கள். எந்தக் காலத்தில் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மரக்காணத்து உப்பளங்கள் முடிந்து மணல்மேடு தொடங்கும் இடத்தில், கடலை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் சிறு கோயில் அது. போர்த்துக்கீசியர் தம் கப்பல்களிலிருந்து கண்டுகொள்வதற்காகவே முகப்பைக் கிழக்கே வைத்தனர் என்பது பரம்பரையாக வந்த பேச்சு. வாசலின் மேல் சுதையால் செய்த பெரிய சிப்பி ஒன்று விரிந்திருக்கும். அதன் இருபுறமும் சுவர் அலைபோல் வளைந்து இறங்கும். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த நான், மாலையில் வீடு திரும்புகையில் சைக்கிளை நிறுத்தி அந்த முகப்பை ஒருமுறை பார்த்துவிட்டே போவேன். அதன் அழகைச் சொல்ல அன்றும் எனக்குச் சொற்கள் போதவில்லை, இன்றும் போதவில்லை.

2004ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு உட்சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையை என் தங்கையின் மகள் ஏற்றுக்கொண்டாள். தங்கைக்கு அவள் ஒரே பிள்ளை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். கை எட்டிய உயரத்தோடு அவள் நிறுத்திவிட்டதைக் கண்டு நான் கேட்டேன்:

"ஏணி போட்டு மேலயும் அடிக்கக் கூடாதா? மாதா கேட்டா என்னா சொல்லுவ?"

"மாதா செலையும் என் உசரந்தான் மாமா. அவங்க கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் அடிச்சிட்டேன். மேல உன் கண்ணுக்குத்தான் தெரியுது, நீயே ஏறி அடி."

பண்டிகைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து பாய்களை உதறுவதற்காக அவள் முன்வாசல் படியில் நின்றாள். தங்கை உள்ளே கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றிச் சிதறிய வைக்கோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது, வாசல் சட்டத்துக்குள் மகளையும், மகளுக்குப் பின்னால் எழுந்து நின்ற கடலையும் ஒன்றாகக் கண்டாள். அதன்பின் மகளைக் காணவில்லை. வெள்ளம் தங்கையைப் பாடகர் மாடியின் படிக்கட்டில் கொண்டுபோய் ஒதுக்கியது. பறங்கியர் சுவர் அசையவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தனர். என் தங்கை மகளின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அவளுக்கென்று கல்லறையும் இல்லை.

தண்ணீர் ஏறிய கறைக்கு மேலே, அவள் கை எட்டிய உயரம்வரை, வெண்மையாக ஒரு பட்டை மட்டும் சுவரில் தங்கியது. சுண்ணாம்பு மட்டை இழுத்த தடங்கள் அதில் தெளிவாகத் தெரிந்தன.

தங்கை அதன்பின் கோயிலுக்குள் வரவில்லை. பின்பக்கச் சுவரோரம் வந்து நின்றுவிட்டுப் போய்விடுவாள்.

"உள்ள போவணும்னுதான் இருக்குதுண்ணா. அவ அடிச்ச சுண்ணாம்பத் தொட்டுப் பாக்கணும்னு இருக்குது. அந்த வாசல்ல காலு வெக்க வரல," என்றாள்.

அவளைப் போலவே இன்னும் சிலர் இருந்தனர். முன்வாசலை அடைத்துத் தெற்குச் சுவரில் வேறு வாசல் திறக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அதே சமயம், பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் அம்மையார் ஒருவர் புதுச்சேரியிலிருந்து வந்து, முகப்பை நெடுநேரம் பார்த்தார். இத்தகைய முகப்பு இந்தக் கரையில் இனி அகப்படாது என்றும், அதை மாற்றாமல் வைத்தால் பழுதுபார்க்க உதவி பெற்றுத் தருவதாகவும் சொன்னார்.

பூசைக்குப் பின் கோயில் முற்றத்தில் கூட்டம் நடந்தது.

"கடலுக்கு முதுகக் காட்டிட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வலை போடுறது?" என்றார் மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவர்.

"ஏம்பா, நீ பூசைக்கு வந்து எத்தினி வருசம் ஆவுது? வாசல் எந்தப் பக்கம் இருக்குதுன்னாவது தெரியுமா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். துக்க வீட்டுச் சிரிப்பாக ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

பங்குச் சாமியார் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார். நான் அடைத்துவிடலாம் என்றேன். அம்மையார் வாதாடவில்லை. "உங்க கோயிலுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, முகப்பை மீண்டும் ஒருமுறை படம் எடுத்துக்கொண்டு போனார்.

செங்கல்லும் சிமெண்டும் வைத்து முன்வாசலை அடைத்து, தெற்குச் சுவரில் வாசல் திறந்தார்கள். அடுத்த ஞாயிறு தங்கை தெற்கு வாசல் வழியாக உள்ளே வந்தாள். பூசை முடியும்வரை அந்த வெண்பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே நின்றிருந்தாள். பாடல் ஒன்றும் அவள் பாடவில்லை. எனினும் என் மனம் சற்று ஆறியது.

2005ஆம் ஆண்டின் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. முன்பெல்லாம் எத்தகைய மழையானாலும் கடற்காற்று முன்வாசல் வழியே உள்ளே புகுந்து சுவர்களை உலர்த்திவிடும். இப்போது சுவர்கள் வியர்த்தன. கடல்நீர் குடித்திருந்த பழைய காரையிலிருந்து உப்பு பூத்தது. முகப்பில் இருந்த சிப்பியின் ஒரு விளிம்பு உடைந்து விழுந்தது. உள்ளே அந்த வெண்பட்டை கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிரத் தொடங்கியது. வாரந்தோறும் தங்கை வந்து உதிர்ந்த செதில்களை முந்தானையில் பொறுக்கி எடுத்துப் போனாள். அந்த முந்தானையைப் பார்க்க எனக்கு வலுவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மழை விட்ட பிறகு ஒருநாள் என்னை அழைத்துச் சுவரைக் காட்டினாள்.

"காத்து நின்னு போச்சுண்ணா. இன்னொரு மழைக்கு இதுவும் இருக்காது. அந்த வாசலத் தொறக்கச் சொல்லு."

"உன்னால பாக்க முடியுமா?"

"முடியாது. நீ தொறக்கச் சொல்லு."

நான் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து சுவரைப் பார்த்துவிட்டுக் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்.

2006ஆம் ஆண்டின் தவக்காலத்தில் செங்கற்களைப் பிரித்தார்கள். முதல் சம்மட்டி அடிக்கே வெண்பட்டையின் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்ததால், தங்கை கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உளியால் ஒவ்வொரு கல்லாக நெம்பி எடுத்தார்கள். கடல் வெளிச்சம் உள்ளே வந்தபோது பட்டையில் மிஞ்சியது இரண்டு கை அகலம்தான்.

புதுச்சேரி அம்மையார் செய்தி அறிந்து மீண்டும் வந்தார். சிப்பியைச் சீர்செய்ய வழி தேடுவதாகவும், சுவர் முழுவதையும் பழைய முறைச் சுண்ணாம்பால் புதுப்பிக்கலாம் என்றும், தெற்கு வாசலை அடைத்துக் கோயிலைப் பழையபடி ஆக்கலாம் என்றும் சொன்னார். தங்கை அவருக்குச் சுவரைக் காட்டினாள்.

"மேல அடிங்க, கீழ அடிங்க. இந்த எடத்துல மட்டும் கை வெக்காதீங்க. என் பொண்ணு அடிச்சது."

அம்மையார் அருகே சென்று மட்டைத் தடங்களைப் பார்த்தார். பிறகு, "தெற்கு வாசலும் அப்பிடியே இருக்கட்டுங்க" என்றார்.

இப்போது எங்கள் கோயிலில் பறங்கியர் வைக்காத வாசல் ஒன்று உண்டு. வெள்ளைச் சுவரின் நடுவே பழுப்பேறிய திட்டு ஒன்றும் உண்டு. வெளியூரார் அதைச் சுட்டிக்காட்டி, இந்த இடத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பார்கள். தங்கை இன்றும் தெற்கு வாசல் வழியாகத்தான் வருகிறாள். இரண்டு வாசல்களுக்கும் இடையே காற்று வீசும்போது முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழக்கே திரும்பாமல், அந்தத் திட்டின் அருகே உட்கார்ந்திருக்கிறாள்.