ஐந்து வக்துக் கார்

என் முதல் காருக்கு எல்லா நல்ல குணமும் இருந்தது. தானாக ஸ்டார்ட் ஆகும் பழக்கம் மட்டும் இல்லை.

அது இங்கிலாந்தில் செய்த குட்டிக் கார், என்னைவிட மூன்று வயது மூத்தது. ஒரு தோட்டத்துரை, ஒரு டாக்டர், ஒரு கட்டடக் கொந்தராத்துக்காரர் என்று கைமாறி, எண்பதுகளின் தொடக்கத்தில் என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த நேரம்தான் சவூதிக்குப் போய் வந்தவர்கள் ஊருக்குள் யப்பான் வேன்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவற்றைக் கண்ணில் காட்டக்கூடாது. பிஸ்கட் டின்னுக்கு டயர் பூட்டியிருக்கிறார்கள் என்பேன். ஒரு காரின் கதவைச் சாத்தினால் கனமாக ஒரு சத்தம் வரவேண்டும், ஸ்டியரிங்கைப் பிடித்தால் கையில் இரும்பு இருக்கிறது என்று தெரியவேண்டும். கேட்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இத்தனை பேச்சுப் பேசிய எனக்கு அந்தக் காரைத் தவிர வேறு சொத்து கிடையாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நான் பாலமுனையிலிருந்து கல்முனைக்குடிக்கு மாப்பிள்ளையாக வந்தவன். வீடு, வளவு, கிணறு, ஏழு தென்னை, சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு வேலி எல்லாம் மாமி தன் மகளுக்குக் கொடுத்தவை. மருதமுனையில் நெய்த சாரன்களை வாங்கி அக்கரைப்பற்று வரைக்கும் கடைகளுக்குப் போடுவது என் தொழில். பின் சீற்றில் சாரன் கட்டும் முன் சீற்றில் நானுமாகப் போகும்போது, மன்னர் ஊர்வலம் போகிறார் என்றுதான் எனக்கு நினைப்பு.

குறை பெட்டரியில். அதற்கு வயதாகிவிட்டது. புதிது வாங்கத்தான் இருந்தேன். ஆனால் கையில் நாலு காசு சேரும்போதெல்லாம் வேறு ஏதாவது கண்ணில் பட்டுவிடும். ஒரு தரம் சக்கரங்களுக்குப் பளபளக்கும் மூடிகள், இன்னொரு தரம் இரண்டு குரலில் கூவும் ஹோர்ன், பிறகு சீற்றுகளுக்குச் சிவப்பு உறை. பெட்டரி பொனற்றுக்குள் கிடக்கிறது, அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். முன்னால் ஹேண்டில் போட்டு எஞ்ஜினைச் சுற்றலாம் என்றால், அது பிடிக்கும் இடம் பழைய சொந்தக்காரர்களின் காலத்திலேயே தேய்ந்து வழுக்கியது.

மலைநாட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, இறக்கத்தில் விட்டால் கார் தானாக உருளும். கல்முனையில் கடலிலிருந்து வயல் வரைக்கும் ஒரே மட்டம். ஆள் வைத்துத் தள்ளித்தான் ஆகவேண்டும். ஆட்களைத் தேடிப் போகத் தேவையில்லாத இடம் ஒன்றைக் கண்டுபிடித்தேன், பள்ளிவாசல்.

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு எங்கள் ஒழுங்கையால் திரும்புகிறவர்கள் காரை வளவிலிருந்து தள்ளித் தந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அது ஓடி நிற்கும் இடமெல்லாம் ஏதாவது ஒரு பள்ளிவாசலின் வாசல்தான். பகல் லுஹர் முடிந்து ஒரு பயணம், பின்னேரம் அஸர் முடிந்து ஒரு பயணம். ஆட்களைத் தள்ளக் கேட்டுவிட்டுத் தொழாமல் வெளியே நிற்க முடியுமா, அதனால் ஐந்து வக்தும் தொழுதேன். கடைசி வரிசையில், வாசலுக்குக் கிட்ட நிற்பேன், முந்தி வெளியே வந்து ஆட்களைப் பிடிக்க அதுதான் வசதி. அக்கரைப்பற்றுக் கடைக்காரர் எப்போது வருவீர்கள் என்று கேட்டால், அஸர் முடிந்து இன்ஷா அல்லாஹ் என்பேன். அவர் அதை மார்க்கப் பற்று என்று எடுத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் என்னைப் பள்ளி நிர்வாகத்துக்குள் எடுக்கலாமா என்று பெரியவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள்.

மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"நீங்க அல்லாஹ்வுக்காகப் போறீங்களா, பெட்டரிக்காகப் போறீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

"நல்லது. மறுகா ரெண்டுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும், ஞாபகம் வெச்சிக்கங்க."

அப்போது அவள் எங்கள் முதல் பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். அவளுடைய நானா, அதாவது என் மச்சான், சவூதியிலிருந்து வந்து வெள்ளை வேன் ஒன்றை எடுத்திருந்தார். நாள் வந்தால் ஒரு சொல் அனுப்புங்கள், ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருப்பது அவளுடைய வீட்டில், சமைப்பது அவளுடைய கிணற்றுத் தண்ணீரில். என் பிள்ளை மட்டுமாவது என் காரில் போகவேண்டும் என்று அடம்பிடித்தேன்.

மாமி இதைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னா. ஆனால் என்னிடம் அல்ல. ஒரே வீட்டில் இருந்தாலும் மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கம் அவவிடம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்லுவா, மகள் என்னைப் பார்ப்பாள்.

"மகள், மருமகனுக்கிட்டக் கேளு. அந்த நேரம் பள்ளியில தொழுக இல்லாட்டி என்ன செய்யிற எண்டு."

"கார் ஓடும் எண்டு மாமிக்கிட்டச் சொல்லு," என்றேன். எனக்கும் கதவுக்கும் இடையில் இரண்டு முழம்கூட இருக்காது.

வலி வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே அவளுடைய முகம் சரியில்லை என்று நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போகாமல் நின்றேன். கார் வளவுக்குள் நின்றது. ஜும்ஆ நடப்பது பெரிய பள்ளியில், எங்கள் வீட்டிலிருந்து கால்மணி நேர நடை. மச்சானும் வேனும் அங்கேதான். ஒழுங்கையில் ஓர் ஆண் கிடையாது. ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இனி ஏலா," என்றாள்.

பின் சீற்றில் இருத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கார் மூன்று தரம் முனகியது. நாலாம் தரம் அதுவும் இல்லை.

"நான் இறங்கித் தள்ளட்டா?" என்று கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனாலும் கேட்டாள்.

ஓடிப்போய் மச்சானைக் கூட்டிவர எவ்வளவு நேரம், அதற்குள் என்ன ஆகும் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. புதுப் பெட்டரி விலையில் வாங்கிய சக்கர மூடிகள் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றன. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அப்போது மாமி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தா. முக்காட்டை இறுக்கிக்கொண்டு நாலு பக்க வேலிக்கும் போய்க் கூப்பிட்டா. அடுப்பில் கறியை விட்டுவிட்டு ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். மாமி தன்னுடைய வேலியிலிருந்தே கிடுகுகளைப் பிடுங்கி, மணலில் புதையாதபடி டயர்களுக்கு முன்னால் வரிசையாகப் போட்டா. ஒரு கோழி நுழைந்தால்கூட அவ சத்தம் போடுகிற வேலி அது. பிறகு என் ஜன்னலடியில் வந்து நின்றா.

"மருமகன்," என்றா. கலியாணமாகி இரண்டு வருஷத்தில் என்னிடம் நேரே சொன்ன முதல் சொல். "சோக்க ஒள்ளம் இழுங்க, முழுக்க வேணாம். ரெண்டாங் கியர்ல போட்டு, கிளச்ச அமத்திப் பிடிங்க. நான் சொன்ன பிறகு விடுங்க. நீங்க ஒவ்வொரு நாளும் அவசரப்பட்டு முன்னுக்கே விடுறீங்க. அதாலதான் அந்த மனிசர் ரெண்டாந்தரமும் தள்ளுறாங்க."

வளவைப் பார்த்த ஜன்னல் மாமியின் அறையில்தான் இருக்கிறது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு சுபஹுக்குப் பிறகும் அவ எதைப் பார்த்துக்கொண்டிருந்தா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தள்ளினார்கள். கிடுகுகள் நொறுங்கின, யாரோ பிஸ்மி சொன்னார்கள், கார் ஒழுங்கைக்கு ஏறி வேகம் பிடித்தது. என் கால் கிளச்சிலிருந்து எழும்பப் பார்த்தது. நான் அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"இப்ப விடுங்க."

விட்டேன். ஒரே உதறலில் எஞ்ஜின் பிடித்துக்கொண்டது. மாமி செருப்பில்லாமல் ஓடிவந்து ஏறி, மகளின் தலையை மடியில் எடுத்துக்கொண்டா. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. ஜும்ஆ முடிந்து வேனோடு ஓடிவந்த மச்சான் என்னைப் பகிடி பண்ணவில்லை. பண்ணியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் ஹோர்னையும் சக்கர மூடிகளையும் கழற்றி விற்றுப் புதுப் பெட்டரி பூட்டினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளையைக் கூட்டிவரப் போன அன்று, தாயையும் பிள்ளையையும் பின் சீற்றில் இருத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முதல் தரத்திலேயே ஸ்டார்ட் ஆகியது. பெருமையோடு திரும்பிப் பார்த்தால் மாமியைக் காணவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். காருக்குப் பின்னால், முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் டிக்கியில் ஊன்றியபடி தயாராக நின்றா.

தலையை வெளியே நீட்டி, "மாமி, ஸ்டார்ட் ஆகிட்டு, ஏறுங்க," என்றேன்.

அவ கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் எஞ்ஜின் சத்தத்தைக் கேட்டா.

"ஓம், கேக்குது," என்று என்னிடமே சொன்னா. "ஏறுறன். வீட்ட போய்ச் சேருமட்டும் நிப்பாட்டிராதீங்க."