மூன்றாவது அவை

நாடாளுமன்றத்தில் கீழவைக்கும் மேலவைக்கும் நடுவே உள்ள நடைவழியில், மாடிப்படிக்கு அடியில், ஒற்றை நாற்காலி போட்ட சலூன் ஒன்று இருக்கிறது. இரண்டு அவைக்காரர்களும் மறுபேச்சில்லாமல் தலை குனியும் ஒரே இடம் அது. அதனால் அதை நடத்துபவருக்கு ‘மூன்றாவது அவை’ என்று பட்டப்பெயர்.

சட்டம் செய்பவர்களின் தாடையில் தினமும் கத்தி வைத்தும் அவர் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. ஒப்பந்தக்காரர் நினைத்தால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். கட்டடத்தைப் பெருக்கும் அவர் மனைவிக்கும் அதே கதி. இவர்களைப் போன்றவர்களை நிரந்தரமாக்கும் மசோதா கீழவையில் நிறைவேறியிருந்தது. திடீர்ப் பாசம் ஒன்றுமில்லை. தேர்தல் வாசலில் நின்றது, கைகள் தாமாக உயர்ந்தன. மேலவைக்கு அந்தப் பயம் இல்லை. அவர்களைத் தேர்ந்தெடுப்பவை மாகாணச் சட்டசபைகள். ஆறு வருடம் யாரும் அசைக்க முடியாது.

மேலவையில் வாக்கெடுப்பு நடக்கும் நாளன்று காலையில் மனைவி சொன்னார்: “இன்னைக்கு யார் வந்தாலும் கொஞ்சம் பேசிப் பாருங்க. வாயில்லாப் பூச்சியா நிக்காதீங்க.”

வந்தவர் மேலவை உறுப்பினர் மீசைக்காரர், மசோதாவை எதிர்ப்பவர். முறுக்கிய மீசைதான் அவருடைய மொத்த அரசியல்.

“ஐயா, எங்க மசோதா...”

“நிரந்தரம் ஆக்கினா சோம்பேறி ஆயிடுவேப்பா.”

“நீங்க ஆறு வருஷம் நிரந்தரமா இருந்தும் சுறுசுறுப்பாத்தானே இருக்கீங்க?”

“ரொம்பப் பேசாதே. எனக்கு என்ன, நீயா ஓட்டுப் போட்டே?”

“எங்கங்க போடறது? அதுக்குத்தான் வழியே வைக்கலியே.”

மீசையை மூன்றாவது அவை எப்போதும் கடைசியில்தான் தொடுவார். அன்று அதிலிருந்து தொடங்கினார். வாக்கெடுப்பு மணி அடித்தபோது இடப்பக்க மீசை பாதியாகியிருந்தது. வலப்பக்கம் பழைய கம்பீரத்தில் நின்றது. மணி ஓய்ந்தால் அவைக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

“சீக்கிரம் முடிப்பா.”

“அவசரப்பட்டா கோணிடுங்க. மசோதா மாதிரிதான் இதுவும். ஒரு பக்கம் கீழவை வெட்டியாச்சு. மேலவையும் அதே அளவுக்கு வெட்டினாத்தான் செல்லும்.”

“விடு, நான் இப்படியே போறேன்.”

“தாராளமாப் போங்க, கதவு திறந்துதான் இருக்கு. உள்ளே டிவி கேமரா உங்களுக்கு நேரா மாட்டியிருக்காங்களாமே?”

மீசைக்காரர் எழுந்தார். கண்ணாடியைப் பார்த்தார். உட்கார்ந்தார். மணி ஓய்ந்தது.

மசோதா ஒரே ஓட்டில் தப்பியது. மீசைக்காரர் போய் எதிர்த்திருந்தால் சரிசமமாகி, அவைத் தலைவர் தன் ஓட்டைப் போட்டுக் கவிழ்த்திருப்பார். இத்தனை பேருடைய சோற்றை அரை மீசை தீர்மானிக்கலாமா என்று கேட்பீர்கள். மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் தீர்மானிக்கலாம் என்றால், அவர் மீசைக்கு மட்டும் என்ன குறைச்சல்?

செய்தியைச் சொல்ல மனைவி துடைப்பமும் கையுமாக ஓடிவந்தபோது, அவர் வலப்பக்கத்தை நிதானமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

“உன்னை இந்தக் கட்டடத்திலேயே இல்லாம பண்றேன் பார்,” என்று மீசைக்காரர் பல்லைக் கடித்தார்.

“சிரமங்க. இனி ஜனாதிபதி கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி,” என்று துண்டை உதறினார் மூன்றாவது அவை. “அப்புறம் நான் நிரந்தரம். நீங்கதான் ஆறு வருஷம்.”