முக்காலிக்கு வந்த மவுசு

தெருவில் அவருக்குப் "போனாப்போகுது" என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். அந்தப் பெயரை யாராவது விலைக்குக் கேட்பார்களா என்றுதான் யோசித்திருப்பார். எங்கேயாவது வீடு காலி செய்கிறார்கள், பாகம் பிரிக்கிறார்கள் என்றால் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். அங்கே போய்ப் பழைய சாமான்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அடுத்த வாரமே கொள்ளை லாபத்துக்குத் தள்ளிவிடுவதுதான் தொழில்.

தொழிலில் அவருக்கு இரண்டு விதிகள். முதல் விதி, எது வேண்டுமோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. தேக்கு அலமாரி மேல் ஆசை வந்துவிட்டால், மூலையில் கிடக்கும் கைப்பிடி உடைந்த வாளியைக் கையில் எடுத்துக்கொள்வார். அதைத் தட்டுவார், உள்ளே எட்டிப் பார்ப்பார், விலை கட்டாது என்று வாசல்வரை போய்த் திரும்பி வருவார். வீட்டுக்காரர்கள் அலுத்துச் சலித்து உட்காரும் நேரம் பார்த்து, "போனாப் போகுது, இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதே, அந்த அலமாரியையும் சேத்து ஏத்திவிடுங்க" என்பார். பாவம், அவர்கள் நன்றி வேறு சொல்வார்கள். மறுநாள் விஷயம் புரிந்து ஓடி வந்தால் இரண்டாவது விதி காத்திருக்கும். "பேசி முடிச்சது முடிச்சதுதாங்க. பேச்சு மாறினா மனுஷனா?"

இப்பேர்ப்பட்ட மேதையின் வீட்டில் எதுவும் நிலைத்து நின்றதில்லை. ஒரே வருஷத்தில் நான்கு சாப்பாட்டு மேஜை மாறியது. விருந்தாளி காப்பியைப் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது, "கொஞ்சம் எந்திரிங்க, நாற்காலிக்கு ஆள் வந்தாச்சு" என்று சொன்ன பெருமை அவருக்கு உண்டு. இதையெல்லாம் அவருடைய மனைவி பொறுத்துக்கொண்டாள். தையல் மெஷின் விஷயத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அவள் அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். நல்ல மெஷின் ஒன்று வாங்கித் தருவதாகக் கல்யாணமான புதிதில் அவர் வாக்குக் கொடுத்தார். வாங்கியும் வந்தார், இரண்டு தடவை. முதல் மெஷின் பதினோரு நாள் இருந்தது. இரண்டாவதை அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் விற்றுவிட்டார். எதிர்வீட்டுப் பெண்ணின் பள்ளிச் சீருடை பாதித் தையலில் ஊசிக்கடியில் இருந்தது. ஒரு கை மட்டும் தைத்திருந்த அதுவும் மெஷினோடு சேர்ந்தே போய்விட்டது. அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள். "சீருடைக்குத் தனியா கேட்டிருக்கலாம், விட்டுட்டேன்" என்று அவரும் வருத்தப்பட்டார்.

மூன்றாவது மெஷின் கிடைத்த வீட்டுக்கு அவளும் போயிருந்தாள். சாமான் தூக்க ஆள் வைத்தால் காசு கேட்பான், மனைவி கேட்க மாட்டாள் என்பது கணக்கு. ஜன்னலோரம் அது நின்றது. கறுப்பு உடம்பு, பொன்னிறப் பூ வேலை, இரும்பு மிதி. அவள் சக்கரத்தை மெல்லத் தொட்டாள். சொன்ன சொல் கேட்டு வெண்ணெயாய்ச் சுழன்றது. அவர் அவள் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினார்.

பிறகு அங்கே கிடந்த, ஒரு கால் ஆடும் முக்காலியை வைத்து முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் வழக்கம்போல, போனாப் போகுது என்று மெஷினும் வண்டியேறியது. வழி நெடுக அவளுக்குப் பாடம். "ஆசைய மூஞ்சில காட்டுனா போச்சு. ஒருத்தன் எதைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறானோ, அதுலதான் சரக்கு இருக்கு. தெரியுதா?"

"தெரியுதுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், பழைய மெஷின்களை அலங்காரத்துக்கு வாங்கும் வியாபாரிக்கு அவர் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். அவள் காதில் விழத்தான் பேசினார். அவளிடம் மறைக்க வேண்டிய அளவுக்கு அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

ஆச்சரியம், அவள் சண்டை போடவில்லை. மெஷினில் உட்கார்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. சத்தம் வேற காதைக் கிழிக்குது" என்று எழுந்துவிட்டாள். அப்புறம் பழந்துணியை நனைத்து முக்காலியைத் துடைக்க ஆரம்பித்தாள். புதன்கிழமை துடைத்தாள், வியாழக்கிழமை எண்ணெய் தடவினாள். அவர் உள்ளே வந்தால் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

அவருக்குப் பகீரென்றது. முக்காலியில் அப்படி என்ன இருக்கிறது? அவள் அசந்த நேரம் பார்த்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். நகத்தால் சுரண்டினார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஒன்றும் புரியாததே அவருக்குப் பெரிய அத்தாட்சியாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை அவளே வாயைத் திறந்தாள். "ஏங்க, இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு பொருள் இல்ல. அந்த முக்காலிய எனக்குக் குடுத்துடுங்களேன்."

"முக்காலியா? அது முடியாது."

"ஆடுற முக்காலிதானே?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. வேற எதுன்னாலும் கேளு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள், மெஷின் இருந்த பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு. பெருமூச்சு விட்டாள். "வேற என்னத்தைக் கேக்குறது? போனாப் போகுது, அந்த இரும்பையாவது குடுங்க. கிழிஞ்சது தைக்கவாவது ஆகும்."

நூல் அறுக்கிற மெஷின். போனால் இன்னொன்று கிடைக்கும். அபூர்வமான முக்காலி போனால் வருமா? "எடுத்துக்கோ. ஆனா முக்காலி மேல கை வைக்கக் கூடாது. பேசி முடிச்சது முடிச்சதுதான்" என்று அவரே முத்திரை குத்தினார். இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு பேரம் முடித்ததில்லை என்று அன்று ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை முக்காலியைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மரக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். மரக்கடைக்காரர் தட்டிப் பார்த்தார். "பழப்பெட்டி மரங்க. எரிச்சா ஒரு குண்டான் வெந்நீர் காயும்" என்றார். இவர் நம்பாமல் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினார். இரண்டாவது கடையில் சிரித்தே விட்டார்கள்.

வீட்டுப் படியேறும்போதே சத்தம் கேட்டது. காதைக் கிழிக்கிற சத்தமில்லை. ஒரே சீராக ஓடுகிற, நூல் எங்கேயும் அறாத சத்தம். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் புதுச் சீருடை, இரண்டு கையோடும், முடிகிற கட்டத்தில் இருந்தது. அவர் முக்காலியோடு வாசலிலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரி சொன்னபடி வந்தான். மெஷினைப் பார்த்ததும் அவனே ஆடிப்போய், போனில் பேசியதைப்போல் இரண்டு மடங்கு சொன்னான். அவர் மனைவியிடம் குரலைக் குழைத்தார். "என்னம்மா, நல்ல விலை சொல்றாரு..."

"பேசி முடிச்சது முடிச்சதுதானே? பேச்சு மாறினா மனுஷனான்னு கேப்பீங்களே" என்றாள் அவள், மிதியை நிறுத்தாமல். "வந்தவருக்கு வேணும்னா முக்காலியைக் காட்டுங்க."

வியாபாரி முக்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினான். அவர் மட்டும் மெஷினைப் பார்த்தபடியே இருந்தார். பொன்னிறப் பூக்களை, வெண்ணெயாய்ச் சுழலும் சக்கரத்தை, கண் கொட்டாமல்.

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"அப்படிப் பாக்காதீங்க. ஆசை மூஞ்சில தெரியுது."