தண்ணீர்ப் பக்கம் திருப்பிய குழாய்

எங்கள் ஊர் இசைத்தட்டுக் கடைக்கு ஒரு தட்டு வாங்கப் போனால் ஒரு பிற்பகல் முழுதும் போய்விடும். போனோம், வாங்கினோம், வீட்டுக்கு வந்தோம் என்ற கதை அங்கே கிடையாது. கொழும்பிலிருந்து ரயிலில் வரும் புதுத் தட்டுகளின் பெட்டியைச் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைக்காரர் எல்லோர் முன்னிலையிலும் உடைப்பார். ஒவ்வொரு தட்டையும் ஒரு தடவை முழுதாகப் போட்டுக் காட்டின பிறகுதான் விற்பார். அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். முந்திய அரக்குத் தட்டுகள் விழுந்தால் உடையும். அறுபதுகளின் கடைசியில் வரத் தொடங்கிய வைனில் தட்டுகள் உடையாது, ஆனால் ரயில் பெட்டியின் வெக்கையில் நெளிந்துவிடும். நெளிந்த தட்டில் ஊசி ஏறி இறங்கும்போது, பாடுகிறவர் ஆடும் தோணியில் நின்று பாடுவது போலக் கேட்கும். அப்படி ஒன்றை விற்றுவிட்டு, வாங்கினவரை மாமாங்கத் திருவிழாவில் முகம் பார்க்க அவருக்கு மனமில்லை. நெளிந்தவற்றை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே கல்லை ஏற்றி, வெயிலில் கிடத்துவார். இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும் என்பார். அப்படி நிமிர்ந்த தட்டு ஒன்றையும் நான் கண்டதில்லை.

கடைக்காரர் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். தகப்பன் தச்சுவேலை செய்தவர். இவர் வானொலி திருத்தப் பழகி, கலியாண வீடுகளுக்கும் கோயில்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்து, கடைசியில் வாவிக்கரையில் இந்தக் கடையைத் திறந்தார். வயலின் வாசிப்பார். புதுத் தட்டுகள் போட்டு முடிந்ததும் விறாந்தையில் மேசையை ஒதுக்கிவிட்டுத் தையற்காரர் ஒருவரைத் தபேலாவிலும், தபாற் கந்தோரில் வேலை செய்த ஒருவரைக் கிற்றாரிலும் உட்காரவைத்துக் கச்சேரி தொடங்கிவிடுவார். கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் வழியாக அது தெரு முழுக்கக் கேட்கும். சனிக்கிழமைகளில் நான் பரீட்சைத் தாள் திருத்துவதுண்டு. அந்தச் சத்தத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் புள்ளியைத் தவறாகக் கூட்டினேனோ தெரியாது.

இந்தக் கடைக்குள் என் மகள் எப்படி அகப்பட்டாள் என்று சொல்வதானால் அவளுடைய தொய்வு நோயிலிருந்து தொடங்க வேண்டும்.

சிறு வயதிலிருந்தே அவளுக்கு மூச்சு இழுக்கும். மாரி வந்தால் தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தபடி தூங்குவாள். பதினைந்து வயதில் ஒருமுறை ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. என் வீட்டுக்காரர் வேளாண்மையை விட்டுவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். அந்தப் பத்து நாளும் அவர் செய்த ஒரே வேலை அவளுடைய மூச்சை எண்ணியதுதான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பார், திடீரென்று சோற்றில் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் கழித்துத்தான் கை மறுபடி அசையும். அவள் எரிச்சலில் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவர் முதலில் நிறுத்தியது பாட்டை. கோயில் பாடகர் குழுவிலிருந்து அவளை விலக்கினார். பாடினால் நெஞ்சுக்கு நல்லது என்று டொக்டரே சொன்னார் என்றேன்.

"டொக்டர் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வந்து பாத்தவர். நான் பத்து நாளும் இருந்த ஆள்" என்றார்.

இரண்டு வருடம் அவள் பாடவில்லை. பிறகு சிநேகிதி ஒருத்தியோடு தட்டுக் கேட்கப் போன இடத்தில் கூடவே முணுமுணுத்திருக்கிறாள். கடைக்காரருக்கு அது போதும். மூன்று நாள் தொடர்ந்து என் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு நின்றார். ஒரே ஒரு சனிக்கிழமை, மூன்றே பாட்டு என்றார். நான் முடியாது என்றேன். மகள் அழவுமில்லை, சாப்பிடாமல் இருக்கவுமில்லை. அடுப்படியில் பாடத் தொடங்கினாள். தேங்காய் துருவும்போது, அரிசி அரிக்கும்போது, நான் உள்ளே வந்தால் இன்னும் கொஞ்சம் உரத்து. ஒரு கிழமை பொறுத்தேன். ஒரு தடவைகூட இருமவில்லை என்பதையும் கவனித்தேன். கடைசியில் சரி என்று சொல்லிவிட்டேன்.

அது அறுவடைக் காலம். என் வீட்டுக்காரர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வயல் வட்டையில் தங்கியிருந்து, எருதுகளை விட்டு நெற்சூடு மிதிப்பித்துக்கொண்டிருந்தார். வர இன்னும் பத்து நாளாகும். நல்லபடி பாடி முடித்தால் பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்பது என் கணக்கு. ஆனால் கடை இருந்த தெருவிலேயே அவருடைய ஒன்றுவிட்ட தம்பி சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் காதில் விழுந்தால் அடுத்த தோணியிலேயே செய்தி போய்விடும். ஆகவே கடைக்காரரிடம், பெயர் சொல்லக்கூடாது, குழாயைத் தெருவை விட்டு வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"அப்ப எந்தப் பக்கம் கிறுக்கிற ரீச்சர்?"

"தண்ணிப் பக்கம் கிறுக்குங்க. மீனுகள் கேக்கட்டும்."

நான் புவியியல் ஆசிரியை. பிற்பகலில் கடலிலிருந்து தரைக்குக் காற்று வீசும் என்று எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள். எங்களுக்குக் கடல் கிழக்கே. வாவியும் அதற்கு அப்பால் படுவான்கரையும் மேற்கே. வாவித் தண்ணீரில் சத்தம் எப்படி வழுக்கிக்கொண்டு போகும் என்பதும் இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். அக்கரையில் துணி அடிக்கிற சத்தம்கூட இக்கரையில் கேட்கும். இவ்வளவும் தெரிந்த நான்தான் குழாயைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பச் சொன்னேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போலப் பெட்டி உடைத்தார்கள். வழக்கம்போலக் காத்தான்குடிப் புடவைக் கடை முதலாளி ஒருவர் கடையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதுத் தட்டு எது வந்தாலும் முதலில் வாங்குகிறவர் அவர்தான், முதலில் குறை சொல்கிறவரும் அவர்தான். அன்றைய தட்டுகளில் ஒன்று நெளிந்து ஊசியைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"என்ன மாஸ்டர், றெக்கோட் கேட்டா பப்படம் தாறீங்க" என்றார் முதலாளி.

"ரெண்டு நாள் வெயில்ல வெச்சாச் சரி" என்றார் கடைக்காரர்.

"மறுகா பொரிச்சித் தருவீங்களாக்கும்."

மகள் சிரித்தாள். நான் மருந்துப் போத்தலையும் கரண்டியையும் மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பாடினாள். ஒவ்வொரு அடி முடிவிலும் மூச்சை உள்ளே இழுப்பது மைக்கில் விழுந்து தெளிவாகக் கேட்டது. சின்னதாக ஒரு சீறல். பிள்ளையாக இருந்ததிலிருந்து அவளுக்கு மட்டும் உள்ள சத்தம் அது. இரண்டு பாட்டு முடிந்தது. மூன்றாவதில் ஒரு அடியின் நடுவே மின்சாரம் நின்றது. மேலே சுற்றிய விசிறி நின்றது, குழாயும் நின்றது. அவள் நிறுத்தவில்லை. மைக்கைத் தள்ளிவிட்டு வெறுங்குரலில் தொடர்ந்தாள். தையற்காரர் தபேலாவை அடக்கி வாசித்தார். எல்லோரும் கிட்ட வந்து நின்றார்கள். பாட்டு முடிந்ததும் இன்னொன்று கேட்டார்கள், அதையும் பாடினாள். பிறகு இன்னொன்று. மூன்று பாட்டு என்ற என் சட்டத்தை நானே மறந்து போனேன். அந்தப் பாட்டுகளை மட்டும் நான் நன்றாகக் கேட்டேன்.

புடவைக் கடை முதலாளிதான் முதலில் கண்டார். வாவிப் பக்கம் திரும்பி, "ரீச்சர், அங்க ஒரு மனிசன் தோணில நிண்டுகிட்டு வாறான். கையில துடுப்பு மாதிரித் தெரியல்ல" என்றார்.

எழுந்து கரைக்குப் போனேன். தூரத்தில் ஒரு சின்னத் தோணி, அதில் நின்றபடி ஒருவர் ஏதோ ஒரு நீளமான கம்பால் தண்ணீரைக் குத்திக்கொண்டிருந்தார். காற்று எதிரே வீசியது. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நிற்கிற விதத்தில் அது என் வீட்டுக்காரர் என்று கண்டுகொண்டேன். கையை உயர்த்தினேனா, கத்தினேனா, நினைவில்லை. தோணி ஒரு பக்கம் சரிந்தது. பிறகு கவிழ்ந்த தோணியின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது.

எனக்குப் பின்னால் மகள் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் பாட்டு, முன்னால் வெறும் தண்ணீர். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூன்று நிமிடம் என்கிறார் கடைக்காரர். அவர் வயலினோடு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கியிருந்தார். வலை வைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தங்கள் தோணியைத் திருப்பினார்கள். கவிழ்ந்த தோணிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. தோணியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் பக்கத்திலிருந்து தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை என் உடம்பு இன்றுவரை நம்பவில்லை.

வலைக்காரர்கள் கொண்டுவந்து கரையில் விட, அவர் என்னைத் தாண்டிக்கொண்டு போனார். உடம்பெல்லாம் பதரும் வைக்கோலும் ஒட்டியிருந்தன. விறாந்தையில் ஏறி மகளின் முதுகில் கையை விரித்து வைத்தார். பாட்டு நின்றது.

"ஏன் நிப்பாட்டின?" என்றார்.

"நான் எங்கப்பா நிப்பாட்டின? கறண்டு நிண்டது."

அவர் கையை எடுக்கவில்லை. முதுகு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அன்றைக்குத்தான் அவள் எரிச்சல்படாமல் நின்றாள்.

நடந்ததை அங்கேயே துண்டு துண்டாகச் சொன்னார். களத்தில் எருதுகளைச் சுற்ற விட்டிருக்கிறார்கள். வாவிக்கு அப்பாலிருந்து பாட்டு வந்திருக்கிறது. நல்ல குரலாக இருக்குது என்று ஆட்கள் பேசியிருக்கிறார்கள். "பாட்டு ஆர்ட எண்டு எனக்குத் தெரியாது. மூச்சு எங்கட புள்ளட மூச்சு" என்றார். இரண்டு பாட்டும் எண்ணிக்கொண்டே நின்றிருக்கிறார். மூன்றாவது பாட்டு அடி நடுவில் அறுந்ததும் அவர் வேறொன்றும் நினைக்கவில்லை. சூடு மிதிக்கும்போது களத்தை அரைகுறையில் விட்டுப் போகிற வேளாண்மைக்காரன் எங்கள் பக்கத்தில் கிடையாது. இவர் கையில் இருந்த வைக்கோல் கிளறும் கம்போடு கரைக்கு ஓடி, கட்டியிருந்த யாருடையதோ தோணியை அவிழ்த்திருக்கிறார்.

ஐம்பது வயதில், எதிர்க்காற்றில், துடுப்பு எடுக்கக்கூட நேரமில்லையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"குழாயக் கிறுக்கக்குள்ள நீ யோசிச்சியா?" என்றார்.

கடைக்காரர் தண்ணீர் தெறித்த வயலினை மிக அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். புடவைக் கடை முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த மனிதர் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்ததை ஊர் அன்றுதான் பார்த்தது. என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. குழாய் கீச்சிட்டதில் திடுக்கிட்டுப் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "அந்த மூண்டாவதப் பாடு. நான் அரைவாசிதான் கேட்டன்" என்றார்.

அவள் பாடினாள். அவர் கேட்டார். பிறகு களத்தில் எருதுகள் நிற்கின்றன என்று சொல்லிவிட்டு, வலைக்காரர்களுடைய தோணியில் திரும்பிப் போனார். போவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு ஒழுங்கு பேசினார். அவள் இனியும் பாடலாம். ஆனால் குழாய் தண்ணீர்ப் பக்கமே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் அந்த நிமிடமே கரையில் யாராவது வெள்ளைத் துணி பிடித்து ஆட்ட வேண்டும். யார் ஆட்டுவது என்று கடைக்காரர் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை புடவைக் கடை முதலாளி நான்கு முழம் வெள்ளைத் துணி கொண்டுவந்து, ஓரம் மடித்துத் தைத்துத்தான் கொண்டுவந்தேன் ரீச்சர் என்று என் கையில் தந்தார்.

மகள் அந்த விறாந்தையில் மூன்று வருடம் பாடினாள். அறுவடை, விதைப்பு என்று அவர் அக்கரையில் இருந்த சனிக்கிழமைகளில் எல்லாம் நான் துணியோடு கரையில் நின்றேன். மின்சாரம் ஐந்தாறு தடவை நின்றிருக்கும். ஆட்டுவேன், அக்கரையில் ஒரு சால்வை பதிலுக்கு ஆடும். மற்ற நேரமெல்லாம் என் கண் விறாந்தையில் இருந்த விசிறியிலேயே இருந்தது, அது நிற்கிறதா, சுற்றுகிறதா என்று.

தன் கலியாணத்துக்கு முந்திய கிழமை மகள் என்னிடம், தான் பாடியதில் எந்தப் பாட்டு எனக்குப் பிடித்தது என்று கேட்டாள். நான் யோசித்தேன். அவளுடைய தகப்பன் உள்ளே இருந்தபடியே பாட்டுகளை ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் மூச்சு எடுப்பாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். எனக்குச் சொல்ல வந்தது அன்றைக்கு மின்சாரம் இல்லாமல் பாடிய இரண்டு மூன்று பாட்டுத்தான். அவற்றின் பெயரும் எனக்கு ஞாபகம் வரவில்லை.