பூசைக்கு வைத்த கதைப்புத்தகம்

நான் எழுதுகிறவள் இல்லை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்து, அதிலும் கணக்கில் தவறி, வீடும் தோட்டமுமாக இருப்பவள். நாலு பேர் கூடினால் வாய் திறக்கக் கூசுகிற நான் இப்படி எழுதத் துணிந்ததை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நட்பைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்ததையும் ஒருதரம் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

அரைத்த சந்தனமும் பழைய கடதாசியும் கலந்த ஒரு மணம் உண்டு. நவராத்திரி வந்தால் உரும்பிராய்ப் பக்கத்திலிருந்த எங்கள் சின்னப் பள்ளிக்கூடம் முழுவதும் அந்த மணமாகத்தான் இருக்கும். ஏழாம் நாள் காலை எங்கள் புத்தகம், கொப்பி, பேனை எல்லாவற்றையும் மண்டபத்தில் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிப் ‘பூசைக்கு வைப்போம்’. பத்தாம் நாள் வாணி விழா முடியும்வரை ஒருவரும் அதைத் தொடக்கூடாது. “இடையிலை எடுத்தால் படிச்சதெல்லாம் மறந்துபோம்” என்பார்கள் பெரியவர்கள். எங்களுக்கோ அது படிக்காமல் இருக்கக் கடவுளே தந்த விடுமுறை.

நான் ஆறாம் வகுப்பு. இரண்டு வீடு தள்ளியிருந்த சுகந்தி பள்ளியில் என் வாங்கில் என் பக்கத்தில் இருப்பவள். வகுப்பில் கதைப்புத்தகங்கள் குறைவு என்பதால் இரண்டு பேருக்கு ஒன்றுதான் தருவார்கள். ஒரே பக்கத்தை இருவரும் சேர்ந்து வாசிப்போம், அவள் எப்போதும் முதலில் முடித்துவிட்டு, “திருப்பட்டோ?” என்பாள். நான் முடிக்காவிட்டாலும் “ஓம்” என்பேன். அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்தது சிநேகிதர்களைப் பற்றிய கதைகள். வெள்ளத்தில் அகப்பட்ட அணிலைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு விடியும்வரை நீந்திய ஆமையின் கதை அதில் இருந்தது. அந்தப் புத்தகத்தில் ஒரு சிநேகிதரும் மற்றவரைக் கைவிடுவதில்லை. வெளியிலும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வாணி விழாவில் அந்த ஆமைக் கதையைச் சொல்ல ரீச்சர் என்னைத்தான் பிடித்தா. “இந்த ஊமைச்சியை மேடையேத்திக் காட்டுறன் பாருங்கோ” என்று மற்ற ரீச்சரிடம் சிரித்தா. அதைக் கேள்விப்பட்ட அம்மா, விழா நாளில் தோட்ட வேலைக்கு வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தா. நான் வீட்டில் எந்தக் கதை என்றுகூடச் சொல்லவில்லை; அம்மா அதை முதன்முதலாக மேடையில்தான் கேட்கவேண்டும் என்று ஆசை. கிணற்றடியில் சுகந்திக்கு மட்டும் இருபது தரமாவது சொல்லியிருப்பேன். கைகளை முதுகில் கோத்துக் குனிந்து நான் ஆமையாவதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எட்டாம் நாள், அணில் ஆமையிடம் கடைசியாகச் சொல்வது என்னவென்று எனக்கு மறந்துபோயிற்று. புத்தகமோ பூசையில்.

“போய் எடுத்துப் பார்த்திட்டு வை” என்றாள் சுகந்தி.

“பூசைக்கு வைச்சதெல்லோ?”

“சரஸ்வதியம்மா படிக்கிற ஆக்களோடை கோவிப்பாவோ? போடி, பயந்தாங்கொள்ளி. நான் வாசல்லை நிக்கிறன். ஆரும் வந்தால் இருமுறன்.”

நான் போய் எடுத்தேன். விரித்தபோது மேலே தூவியிருந்த குங்குமம் உள்ளே பக்கத்தில் கொட்டியது. அதை ஊதிக்கொண்டிருந்த என் முன்னால் ரீச்சர் நின்றா. அவவுக்குப் பக்கத்தில் சுகந்தி. இருமல் ஒன்றும் கேட்கவில்லை.

“நான் வேண்டாமெண்டு சொன்னனான் ரீச்சர். இவள் கேக்கேல்லை” என்றாள், என்னைப் பாராமல்.

நான் புத்தகத்தை மூடி எடுத்த இடத்தில் வைத்தேன். சாமிக்கு வைத்ததில் கை வைத்தவளை மேடையில் ஏற்றமுடியாது என்றுவிட்டு, “வேறை ஆருக்கு அந்தக் கதை தெரியும்?” என்று ரீச்சர் கேட்டு முடியமுன் சுகந்தி கையைத் தூக்கிவிட்டாள். அவள் அதற்காகத்தான் என்னை உள்ளே அனுப்பினாளா, அல்லது பயத்தில் ஒரு பொய் சொல்லி, பிறகு வந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. அம்மா பெட்டியிலிருந்த நீலச் சேலையை உடுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தா. சுகந்தி கைகளை முதுகில் கோத்துக் குனிந்து ஆமையானாள். சபை சிரித்தது, அம்மாவும் சிரித்தா, கைதட்டினா. பிறகு என் பக்கம் சாய்ந்து, “உன்ரை எப்ப பிள்ளை?” என்று கேட்டா.

“நேரம் காணாதெண்டு என்ரையை விட்டிட்டினம் அம்மா.”

“அதுக்கென்ன. உவள் நல்லாச் சொன்னாள். உன்ரை சிநேகிதியெல்லே” என்று அம்மா தனக்குக் கிடைத்த அவலை என் கையில் வைத்தா.

நான் சுகந்தியுடன் ‘கோவம்’ போடவில்லை. போட்டிருந்தால் ஒருநாள் ‘நேசம்’ ஆகியிருக்கலாம். அதே வாங்கில் இருந்து அதே பக்கங்களைச் சேர்ந்து வாசித்தோம். அவள் திருப்பட்டோ என்று கேட்க, நானும் ஓம் என்றுகொண்டு இருந்தேன்.

சென்ற மாதம் சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டில் அவளைக் கண்டேன். இப்போது அவள் ஒரு ரீச்சர். மேடைகளில் நன்றாகப் பேசுவாளாம். என் கையைப் பிடித்துத் தன் மகளிடம் கூட்டிப்போனாள்.

“இவ அம்மான்ரை உயிர்ச் சிநேகிதி. சரியான கூச்சக்காரி. ஒருக்கா வாணி விழாவிலை பயந்து ஒளிச்சிட்டா. நான்தான் ஏறிக் கதை சொல்லி இவவின்ரை மானத்தைக் காப்பாத்தினனான். என்னடி?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அப்படித்தான் நடந்ததென்று அவள் நம்பியிருக்கிறாள். நான் “ஓம்” என்றேன்.

அந்த மண்டபம் சண்டைக் காலத்தில் இடிந்து, இப்போது அங்கே மாடிக் கட்டடம். புத்தகங்கள் நாங்கள் இடம்பெயர்ந்தபோதே போய்விட்டன. ரீச்சர் இல்லை. அம்மாவும் இல்லை, நான் உள்ளதைச் சொல்லமுன்னமே போய்விட்டா. அன்றைக்கு நடந்ததை அறிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அதில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவள் அவள்.

கலியாணத்துக்கு மறுநாள் வெயில் ஏறமுன் மிளகாய்த் தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறினேன். பத்து மணிபோல் அவள் கலியாண வீட்டுப் படங்களைப் போனுக்கு அனுப்பியிருந்தாள். இரண்டில் நானும் நிற்கிறேன்.