கல்யாண மேடையில் ஒப்பாரி மெட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கெலிஓயாவிலிருந்து பாறூக் நானா அழைத்தார். எங்கள் இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்தவர். "பாக்கியம் போய்ட்டா தம்பி" என்றார். கண்டி மேடைகளில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை பாடிய தமிழ்ப் பெண் போய்விட்டார் என்று ஏதாவது பத்திரிகை எழுதும் எனக் காத்திருந்தேன். ஒரு வரிகூட இல்லை. நல்லது, நானே எழுதுகிறேன். பல வருடம் அவர் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்த உரிமை எனக்கு இருக்கிறது.

பாக்கியம் அக்கா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா துரை பங்களாவில் சமையல்காரி. சாவு வீடுகளில் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பவரும் அந்த அம்மாதான். பங்களாவில் சுழன்ற இசைத்தட்டுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பாடுவதைக் குசினி வாசலில் நின்று கேட்டுத்தான் அக்கா பாடப் பழகினார். "என்ன சொல்றாங்கன்னு ஒரு எழவும் வெளங்கல. ஆனா எங்க அம்மா மாதிரியே இழுக்குறாங்க. அப்ப நானும் பாடலாம்தானேன்னு நெனச்சேன்" என்பார்.

எழுபதுகளில் கண்டி ஹோட்டல் ஒன்றில் சனிக்கிழமைதோறும் பாடினோம். பாதி ஆங்கிலச் சொற்களை அவர் காதில் விழுந்தபடியே பாடுவார். "அக்கா, இது எந்த ஊர் இங்கிலீஷ்?" என்று கேட்டேன். "கண்டி இங்கிலீஷ்டா. நீ தாளத்தப் பாரு" என்றார். வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டை மறந்து கேட்டார்கள்.

ஒருநாள் அங்கே ஒரு புடவைக்கடை முதலாளி வீட்டுக் கல்யாண வரவேற்பு. மெதுவான ஒரு பாட்டின் நடுவில் அக்கா ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் மணப்பெண்ணை வாழ்த்த ஆரம்பித்தார். சொல் எல்லாம் வாழ்த்து. மெட்டு மட்டும் அவருடைய அம்மாவின் ஒப்பாரி. சிங்கள விருந்தாளிகள் தலையாட்டி ரசித்தார்கள். நம்மவர்களுக்கு அந்த மெட்டு தெரியுமே! கல்யாணத்தில் அதைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனார்கள். முதலாளி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யாருடி செத்துட்டா இங்க? நிப்பாட்டு!"

அக்கா மைக்கைக் கீழே வைக்கவில்லை. "யாரும் சாகல முதலாளி. எங்க தொண்டைக்குத் தெரிஞ்ச மெட்டு இதுதான். சந்தோஷத்தையும் இதுலதான் பாடுவேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தார். நாங்களும் வாசித்தோம்.

மறுநாள் ஹோட்டல் மனேஜர், முதலாளியின் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டால்தான் இனி மேடை என்றார். அக்காவுடையது புருஷன் விட்டுப்போன வீடு. அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்பிள்ளைகள் படித்தார்கள். ஒரு வார்த்தைதானே என்று நாங்கள் கெஞ்சினோம். "கேட்டா நான் பாடினது தப்புன்னு ஆயிரும். தப்பு இல்ல" என்றார். அதோடு ஹோட்டல் போயிற்று.

பிலிமத்தலாவையில் ஒரு தையல் கடையில் வேலைக்குப் போனார். வாசகசாலைக் கூடம், கிளப் விழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் பாடினார். எங்கே பாடினாலும் அந்த மெட்டு இல்லாமல் இறங்கமாட்டார். கடைசியில் அதைக் கேட்கவே கூட்டம் வந்தது. திரும்பவும் பாட வரச்சொல்லிப் பழைய ஹோட்டலிலிருந்தும் ஆள் வந்தது. "டிக்கெட் வாங்கிட்டு வந்து கேக்கச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அக்காவின் சாவு வீட்டுக்குக் குண்டசாலையிலிருந்து கிட்டாரோடு போனேன்; பாறூக் நானாவும் கீபோர்டோடு வந்திருந்தார். சொந்தக்காரர்கள் மறித்தார்கள். "எழவு வீட்ல டான்ஸ் பாட்டாங்க? ஊரு என்ன பேசும்?" மூத்த மகள் செல்வி உள்ளேயிருந்து வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. "கல்யாண வீட்லயே எங்கம்மா யாருகிட்டயும் கேட்டுட்டுப் பாடல. நீங்க வாசிங்க மாமா" என்றாள்.

அக்காவுக்குப் பிடித்த ஆட்டப் பாட்டுகளையே வாசித்தோம். பாறூக் நானா அழுதுகொண்டே வாசித்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் முறைத்தார்கள்; பிறகு எங்கள் தாளத்துக்குள் வந்துவிட்டார்கள். பாடை அப்படித்தான் புறப்பட்டது.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார். "நடந்தது நடந்துபோச்சு. சொந்தக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டுப் போங்க தம்பி."

நான் கேட்கவில்லை. பாக்கியம் அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதைத்தான்.