பிசிறு எடுத்த செனில் நூல்

நூலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இதையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு என் கையில் ஒரு நூலைக் கொடுத்துப் பாருங்கள். பட்டா, பட்டு மாதிரி வேறொன்றா, முறுக்கு போதுமா, சாயம் போட்ட அன்று தண்ணீரில் சூடு குறைந்ததா என்று விரலே சொல்லிவிடும். அடுத்தவர் வீட்டு ராட்டையில் கூலிக்கு நூல் சுற்றியவன் இன்று ஆரணியில் சொந்தத் தறிக்கொட்டகை வைத்திருக்கிறேன் என்றால், அது இந்தக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சம்பாதித்தது. வேறு யாரும் தூக்கிவிடவில்லை.

அப்படிப்பட்ட எனக்கே பிடிபடாத நூல் ஒன்று போன ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரியின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தறியிலிருந்து பட்டுச்சேலை இறங்கும்போது முந்தானை ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கும். அதைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, குரோஷா ஊசியால் பின்னி, குச்சு கட்டுவது அவள் வேலை. கட்டிய குச்சைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் முடிச்சு தெரியாது. ஒரு முடிச்சு கோணினால் போதும், அதுவரை கட்டியது எல்லாவற்றையும் பிரித்துவிடுவாள். கல்யாண வீட்டுக்காரர்கள் காரை வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாலும் பிரிப்பாள். "குந்தட்டும். கல்யாணம் நாளைக்குத்தான" என்பாள்.

அவளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பது நான். முதலாளி ஆனபிறகும், அந்த வேலைக்கு ஆள் வந்தபிறகும், அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் காபி குடித்த கையோடு ராட்டையில் உட்கார்ந்து, நூலை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, ஒட்டிக்கொண்டிருக்கிற பிசிறையெல்லாம் உருவி எடுத்துச் சுற்றிவைப்பேன். பிசிறு எடுக்காத நூல் எங்கள் வீட்டில் அவள் மடிக்குப் போனதே கிடையாது.

போன ஆடியில் ஒரு நாள் காலையில் டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாய் சீக்கிரமே நேராகிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது, முன்னைக்கு இப்போது கூடத்தான் என்று நான் சொல்வேன். காலும் தேறியது. வலது கைதான் முரண்டு பிடித்தது. விரல் மடங்கும், ஒரு பொருளைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்காது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: இந்தச் சில மாதத்துக்குள் கைக்கு வேலை கொடுத்தால் திரும்பிவிடும், சும்மா வைத்திருந்தால் இப்படியே நின்றுபோகும்.

பயிற்சி சொல்லித்தர வந்த பெண் அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் வெங்காயம் எடுக்கப் போன நான் அதை உருளைக்கிழங்குக் கூடையில் பார்த்தேன்.

"இன்னாமே, பந்து இங்க கீது?"

"வேற எங்க இருக்கணும்? பந்து ஆடற வயசா எனக்கு?"

கையை எப்போதும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். யாராவது பார்க்க வந்தால் இன்னும் உள்ளே போகும். இடது கையில் ஸ்பூனால் சாப்பிட்டாள். குரோஷா ஊசி டப்பாவைப் பீரோ மேலே தூக்கி வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

எங்கள் மகள் வேலூரில் பேங்க்கில் வேலை பார்க்கிறாள். மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். உள்ளே மாம்பழ மஞ்சளில் மூன்று உருண்டை நூல். கூடவே சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு ஊசி.

"அம்மா, இதுக்குப் பேரு செனில் நூலு. தொட்டுப் பாரேன், பூனக்குட்டி மாரி கீது."

"பூனைய எதுக்குடி நூலுன்னு வாங்கினு வந்தே?"

"பட்டு மாரி மெலிசு இல்லம்மா. ஊசியும் தடிமன். புடிக்கறதுக்கு சுளுவா இருக்கும். இப்ப எல்லாரும் இதுலதான் குல்லா, பொம்மை, போர்வைன்னு பின்னிகினு கீறாங்க."

"பின்னட்டும். பட்டுல குச்சு கட்டின கை இது. கம்பளிப்பூச்சி புடிக்க சொல்றியா?"

மகள் என்னைப் பார்த்தாள். "நீயாச்சும் சொல்லு நைனா."

நான் ஒரு உருண்டையை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தேன். நடுவே ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது, அதைச் சுற்றிப் பொசுபொசுவென்று இழை இழையாக நிற்கிறது. என்ன நூல் என்று விரல் சொல்லவில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், "ம், பரவால்ல" என்றேன். மகள் சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பை டிவிக்குப் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தது. அந்தப் பக்கமே என் வீட்டுக்காரி திரும்பவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்கு நூல் பிடிக்காமல் இல்லை, நூல் இன்னும் தயாராகவில்லை, விஷயம் அதுதான். இவ்வளவு வருஷமும் சுத்தம் செய்த நூலைத் தொட்டவள், பிசிறோடு கிடக்கிற நூலை எப்படித் தொடுவாள்?

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் ராட்டையில் உட்கார்ந்தேன். ஒரு உருண்டையின் முனையைக் கட்டி, நூலை இரண்டு விரலால் நெருக்கிப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தேன். இவ்வளவு பிசிறுள்ள நூலை நான் என் ஆயுசில் கண்டதில்லை. கொத்துக் கொத்தாக வந்தது. எந்த மில்காரன் இதை இப்படியே அனுப்பினான், கேட்பதற்கு ஆளே இல்லையா என்று திட்டிக்கொண்டே உருவினேன். தலைக்கு மேலே ஃபேன் வேறு. உருண்டை முடியும்போது கையில் மெல்லிசாக, வழவழவென்று, ஒரு பிசிறு இல்லாத நூல் இருந்தது. எனக்குப் பரம திருப்தி.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா பண்ணிகினு கீறீங்க?"

"உனக்குத்தான் நூல் ரெடி பண்றேன். மில்லுல பிசிறு எடுக்காமயே அனுப்பிட்டுகீறான். இப்ப பாரு, எப்டி நைசா வந்துகீதுன்னு."

அவள் ராட்டையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வழுக்கைத் தலை, புருவம், மீசை, பனியன் எல்லாம் மாம்பழ மஞ்சள்.

"அய்ய, அந்த நூலே பிசிறுதாங்க. அதப் போயி எடுத்துட்டீங்களே. கோழிய உரிச்சி, கறிய குப்பையில கொட்டிட்டு, எலும்ப கழுவி எடுத்துனு வந்து நிக்கறீங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நூலப் பத்தி ஊருக்கே பாடம் எடுக்கறவரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆடிக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சிரித்துக்கொண்டே கிட்டே வந்து என் புருவத்திலிருந்த பஞ்சை எடுத்தாள். முந்தானைக்குள்ளிருந்து வெளியே வந்தது வலது கை. இரண்டு விரல் பஞ்சைப் பிடித்தது, நழுவவிட்டது, மறுபடி பிடித்து இழுத்தது. அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பேச இடம் கிடைத்தும் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற சமயங்கள் ரொம்பக் குறைவு, அது அதிலே ஒன்று.

மெதுவாக, "மீசையிலயும் கீது பாரு" என்றேன். எடுத்தாள். "காதுல கூட." அதையும் எடுத்தாள். அப்போதுதான் தன் கையைத் தானே பார்த்தாள். பார்த்ததும் அது முந்தானைக்குள் போய்விட்டது. உள்ளே போய்விட்டாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வந்து நின்றாள். "மிச்ச உருண்டைய இப்டி குடுங்க. உங்க கையில வுட்டா அதையும் மொட்டை அடிச்சிடுவீங்க."

ஊசியை முன்னைப்போல் விரல் நுனியில் பிடிக்க வரவில்லை. கரண்டியைப் பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடித்தாள். அந்த நூலில் இன்னொரு பேஜார், பின்னல் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து ஊசி எந்த ஓட்டையில் போக வேண்டும் என்று பொசுபொசுப்புக்குள் இடது கை விரலைவிட்டுத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வரிசை பாம்பு போல நெளிந்தது. வழக்கம்போல் பிரித்தாள். பிரித்த நூலில் அங்கங்கே பொசுபொசுப்பு கொட்டி வெறும் நரம்பு தெரிந்தது. மறுபடி பின்னி, மறுபடி பிரித்தாள். இன்னும் கொட்டியது.

மகளுக்கு வீடியோ போட்டுக் காட்டினாள்.

"ஐயோ அம்மா, பிரிக்காத. இந்த நூல பிரிச்சா கொட்டிடும். பின்னல்ல ஒரு கண்ணு தப்பினா தப்பட்டும், மேல போயிகினே இரு."

"தப்ப வுட்டுட்டு எப்டிடி மேல போறது?"

"போவலாம்மா. யாரு வந்து எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணுவேன்" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

ஊசியும் நூலும் பைக்குள் போயின. கை முந்தானைக்குள் போயிற்று. இரண்டு மூன்று நாள் அப்படியே இருந்தாள். சொன்னால் முரண்டு பிடிப்பாள் என்று சொல்லாமல் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் தறிக்கொட்டகையிலிருந்து வந்து பார்க்கிறேன், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறாள். நெளிந்த முதல் வரிசை நெளிந்தபடியே இருந்தது. அதன் மேலேயே அடுத்தது ஏறிக்கொண்டிருந்தது. ஏன் திரும்ப எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

"இன்னா அது?" என்றேன்.

"குல்லா. உங்க மொட்டைக்கு."

மார்கழி பிறந்தபோது குல்லா முடிகிற கட்டத்துக்கு வந்திருந்தது. கடைசிச் சுற்றுக்கு நூல் போதவில்லை. ஒரு உருண்டையைத்தான் நான் உருவிப்போட்டேனே. அந்த உருவின நூலையே கேட்டு வாங்கி உச்சியில் பின்னி முடித்தாள். அதனால் குல்லா சுற்றிலும் பொசுபொசுவென்று இருக்கும், உச்சியில் மட்டும் வழுக்கை. ஒரு பக்கம் காதை மூடும், மறு பக்கம் காதுக்கு மேலேயே நின்றுவிடும். போட்டுக்கொண்டுதான் டீக்கடைக்குப் போகிறேன், கொட்டகைக்குப் போகிறேன். களம்பூரில் அரிசி மில் வைத்திருக்கும் சிநேகிதர் ஒருநாள் வந்தவர், "இன்னாங்க, தலைல கீரிப்புள்ள குந்திகினு கீது?" என்று கேட்டார். கடைக்குப் போனால் இது கிடைக்காது, ஆரணியிலேயே இது ஒன்றுதான் என்று அவருக்குப் பதில் சொன்னேன். உண்மைதானே.

கை முழுக்கத் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சுண்டுவிரல் இன்னும் மற்ற விரல்களோடு சேர மறுக்கிறது. பட்டு நூல் கையில் நிற்கவில்லை. டப்பா பீரோ மேலேயேதான் இருக்கிறது. ஆனால் டம்ளரைப் பிடிக்கிறாள், கையால் பிசைந்து சாப்பிடுகிறாள், மகள் மறுபடி வாங்கிவந்த நூலில் அவளுக்கென்று இப்போது ஒரு போர்வை ஆரம்பித்திருக்கிறாள். அந்த நூல் பையை நான் தொடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

காலையில் நான் வெளியே கிளம்பும்போது வாசல்வரை வருவாள். "கோணலா கீதுங்க, இருங்க" என்று சொல்லி, வலது கையை நீட்டி என் குல்லாவை இழுத்து நேராக வைப்பாள். நாலு விரல் பிடிக்கும், சுண்டுவிரல் காதில் உரசும். சில நாள் குல்லா தானாகவே நேராக உட்கார்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நாளில், செருப்புப் போடுகிற சாக்கில் குனிந்து, அதைக் கொஞ்சம் சாய்த்துவைத்துக்கொண்டு நிற்பேன்.